பதினொரு மணி நேரம் முன்னால் ஓடிய கடிகாரம்

ஐந்தோவன், நெதர்லாந்து,
9 நவம்பர் 2025

அன்புள்ள செல்வம்,

உன் ஏழு வாய்ஸ் மெசேஜையும் நேற்று ராத்திரி வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றிலும் பின்னணியில் உன் ரிப்பேர் கடை ஹாட் ஏர் கன் உறுமுகிறது. ஐந்தாவதில் யாரோ "அண்ணே, டிஸ்ப்ளே என்ன வெல?" என்று கேட்க, அவரிடம் பேரத்தை முடித்துவிட்டுத்தான் என்னிடம் திரும்பி வந்திருக்கிறாய். டிஸ்ப்ளே ஆயிரத்து எண்ணூறுக்குப் படிந்தது என்பது வரை எனக்குத் தெரியும்.

நீ கேட்டது ஒன்றுதான். "ஐரோப்பாவுல உட்கார்ந்திருக்க, சின்ன வயசுலேர்ந்து கேட்ஜெட் பைத்தியம் வேற. புதுசா என்னடா வாங்கின?" வாட்ஸ்அப்பில் பதில் தட்டினால் பாதியில் சலித்துவிடும். கடை அடைத்த பிறகு நிதானமாகப் படித்துக்கொள் என்று மெயிலாக எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி முதலில். எல்லாரும் சௌக்கியம். சின்னவள் இந்த வருடம் ஹைஸ்கூல் போகிறாள். இங்கே 2024 ஜனவரியிலிருந்து ஹைஸ்கூல் வகுப்பறையில் போன் கூடாது. "வீட்டில் வை, இல்லாவிட்டால் லாக்கரில் வை" என்று டச்சில் எதுகையோடு ஒரு வாசகமே இருக்கிறது. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது இடைவேளையில் சீட்டாடக் கற்றுக்கொண்டு வந்து எங்களைத் தோற்கடிக்கிறாள்.

சரி, வாங்கினது. ஒரு சுவர்க்கடிகாரம். சிரிக்காதே. பதினைந்து யூரோ, ஒரே ஒரு பென்சில் பேட்டரி. அதற்குள் இருப்பதைச் சொன்னால் நீயும் ஒன்று கேட்பாய், ஆனால் கும்பகோணத்தில் வேலை செய்யாது.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் பக்கத்தில் மைன்ஃப்ளிங்கன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு டிரான்ஸ்மிட்டர் 77.5 கிலோஹெர்ட்ஸில் இரவு பகலாக மணி சொல்லிக்கொண்டிருக்கிறது. பெயர் டிசிஎஃப்77. 1959-லிருந்து இருக்கிறது, மணியையும் தேதியையும் குறியீடாக அனுப்பத் தொடங்கியது 1973-ல். நொடிக்கு ஒரு பிட், அவ்வளவுதான் வேகம். ஒவ்வொரு நொடி தொடக்கத்திலும் அலையின் வலு சட்டென்று இறங்கும். பத்தில் ஒரு பங்கு நொடி இறங்கியிருந்தால் 0, பத்தில் இரண்டு பங்கு என்றால் 1. நிமிடத்தின் கடைசி நொடியில் மட்டும் இறங்காது. தாளம் போடும்போது வீச்சுக்குக் கை திரும்புமே, அந்த மாதிரி அந்த இடைவெளியை வைத்துத்தான் அடுத்த நிமிடம் பிறக்கப்போகிறது என்று கடிகாரம் தெரிந்துகொள்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பாலிடெக்னிக்கில் நாம் இரண்டு பேரும் மீடியம் வேவ் ரேடியோ கட்டினோமே, அதில் சுற்றிய அதே மாதிரி ஃபெரைட் ராட் ஆன்டெனாதான் இதற்குள்ளும் இருக்கிறது, விரல் நீளத்துக்கு.

போன மாதம் 26-ஆம் தேதி இங்கே கோடைகால நேரம் முடிந்தது. விடியற்காலை மூன்று மணி மறுபடியும் இரண்டு மணி ஆகும். அந்த மாற்றம் வரப்போகிறது என்று ஒரு மணி நேரம் முன்கூட்டியே அந்த டிரான்ஸ்மிட்டர் ஒரு பிட் மூலம் அறிவித்துவிடும். இந்தக் கடிகாரம் எப்படித் திருத்திக்கொள்கிறது பார்க்கலாம் என்று டீ போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். மனைவி ஒரு முறை எழுந்து வந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மூன்று தாண்டிச் சில நிமிடம் முட்கள் சும்மா இருந்தன. அப்புறம் திடீரென்று பெரிய முள் பாய்ந்தது. பின்னால் போகும் என்று நான் எதிர்பார்க்க, அது முன்னால் ஓடியது! இந்த மெஷினுக்குப் பின்னால் திரும்பத் தெரியாது. ஒரு மணி நேரம் பின்போக, பதினொரு மணி நேரம் முன்னால் ஓடியாக வேண்டும். கிர்ர்ரென்று சுற்றிச் சுற்றி வந்து, இரண்டைத் தாண்டிய இடத்தில் சரியாக நின்றது. அதற்கு என் மெயில் ஐடி வேண்டாம், வைஃபை பாஸ்வேர்டு வேண்டாம், அப்டேட் வேண்டாம். நான் யார் என்றே அதற்குத் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு கடிகாரத்தைப் பார்த்துக் கை தட்டினேன் என்று பாலிடெக்னிக் குரூப்பில் போட்டுவிடாதே.

கடிகாரம் என்றதும் இன்னொன்று. 2018 மார்ச்சில் எங்கள் வீட்டு ஓவன் கடிகாரம் ஐந்தாறு நிமிடம் பின்தங்கிப் போனது. நான் ஓவனைத்தான் சந்தேகப்பட்டேன். வாடகை வீடு, பழைய ஓவன். கடைசியில் பார்த்தால் ஐரோப்பாவில் ஸ்பெயினிலிருந்து துருக்கி வரை பல லட்சம் ஓவன்கள் அதே போலப் பின்தங்கியிருந்தன. காரணம் என்ன என்கிறாய்? இந்த மாதிரிக் கடிகாரங்கள் கரண்டின் 50 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 50 அலையை, எண்ணித்தான் மணி சொல்கின்றன. மின்சாரத்தில் செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் தகராறு. கொசோவோ தயாரித்ததைவிட அதிகம் இழுத்தது, அதை ஈடுகட்ட வேண்டிய செர்பியா ஈடுகட்டவில்லை. கண்டம் முழுவதும் ஒரே கட்டமைப்பு என்பதால் எல்லா ஊரிலும் அந்த அதிர்வெண் ஒரு துளி குறைந்தது. சராசரி 49.996 ஹெர்ட்ஸ். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை அந்தத் துளி சேர்ந்து சேர்ந்து ஆறு நிமிடம் ஆகிவிட்டது. பால்கன் பக்கத்துச் சண்டை, ஐந்தோவனில் என் வீட்டுக் கேக் அளவுக்கு வந்து சேர்ந்தது. (நீ இன்னும் "ஐந்தோவனா, ஆறோவனா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். இனிமேல் ஓவன் ஜோக்கும் சேர்த்துக்கொள்.)

ஓவன் குட்டை உடைத்தது பக்கத்து வீட்டு ஹென்க். அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், பிலிப்ஸில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். எண்பதை நெருங்குகிறார். இந்த ஊரே பிலிப்ஸ் கட்டிய ஊர்தான். 1891-ல் பல்பு கம்பெனியாகத் தொடங்கினார்கள். பழைய ஆலைக் கட்டடங்களில் இப்போது காபிக் கடைகளும் அபார்ட்மென்ட்களும் இருக்கின்றன. ஹென்க் மாதிரி ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். கராஜில் கார் இருக்காது, ஆசிலோஸ்கோப் இருக்கும்.

எந்தப் புதுச் சாமானைக் காட்டினாலும் ஹென்க் கேட்பது ஒரே கேள்வி. "இதைச் செய்த கம்பெனி நாளைக்கு இழுத்து மூடினால் இது என்ன ஆகும்?" முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, கல்யாண வீட்டில் ஜாதகம் கேட்கிற மாதிரி. அப்புறம் 2023 ஜூலையில் வேன்மூஃப் திவாலானது. ஆம்ஸ்டர்டாம் கம்பெனி. பார்க்க அத்தனை அழகான எலக்ட்ரிக் சைக்கிள். பூட்டுவது, திறப்பது, அமைப்பை மாற்றுவது எல்லாம் போன் ஆப் மூலம். அந்த ஆப்புக்கான சாவி கம்பெனி சர்வரில். கம்பெனி போனால் சர்வர் போகுமே, சர்வர் போனால் சைக்கிள் என்ன ஆகும் என்று ஊரெல்லாம் பதற்றம். போட்டிக் கம்பெனியான பெல்ஜியத்து கவ்பாய்தான் அவசரமாக ஓர் ஆப் எழுதி, உங்கள் சாவியை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தது. பிறகு வேறொரு கம்பெனி வேன்மூஃபை வாங்கிக்கொண்டது, அது வேறு கதை. ஆனால் யோசித்துப் பார், சைக்கிளுக்கு! உன் அப்பாவின் சைக்கிளில் பின்சக்கரத்துப் பூட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு நாம் கல்லால் அடித்துத் திறந்தோம். இதில் கல்லை எங்கே அடிப்பது?

அதற்காக ஹென்க் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. பேங்க் கார்டைத் தட்டி ரயில் ஏறுவதை அவர் திட்டுகிறார். எனக்கு அது சொர்க்கம். தனி கார்டு, அதில் காசு ஏற்றுவது என்ற தொல்லையெல்லாம் போயிற்று. நாடு முழுக்க ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் ஒரே தட்டு. காதில் செருகும் புளூடூத் மொட்டுகளையும் அவருக்குப் பிடிக்காது. உள்ளே பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள், மூன்று வருடத்தில் பேட்டரி செத்தால் குப்பை, நீகூடத் திறக்க மாட்டாய். அது வாஸ்தவம்தான். ஆனாலும் ரயிலில் நாற்பது நிமிடம் அமைதி கிடைக்கிறதே! புளூடூத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் யாப் ஹார்ட்சன், ஒரு டச்சுக்காரர், ஸ்வீடனில் எரிக்சனில் வேலை பார்த்தபோது 1994-ல் தொடங்கியது என்று சொல்லி ஹென்க்கின் தேசப்பற்றைக் கிளப்பிப் பார்த்தேன். "ரேடியோ நல்ல ரேடியோதான், பசைதான் மோசம்" என்றார்.

அவரும் நானும் ஒரு மனதாக ஒத்துப்போவது கரண்ட் மீட்டரில். இங்கே ஸ்மார்ட் மீட்டரில் பி1 என்று ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள், பழைய டெலிபோன் ஜாக் மாதிரி. அது வாடிக்கையாளருக்காகவே வைத்தது. ஒரு கேபிளைச் செருகினால் இந்த நொடி வீடு எவ்வளவு இழுக்கிறது என்று நேராக நம் கம்ப்யூட்டருக்கே வரும், எந்தக் கம்பெனி சர்வருக்கும் போகாமல். கேபிளை ஹென்க் கொடுத்தார், ராஸ்பெரி பை என்கிற ஒரு பழைய குட்டிக் கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டன்ட் என்கிற வீட்டுக் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டேன். முதல் ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு பார்த்தால் 140 வாட் ஓடுகிறது. ஃபிரிட்ஜ் நின்றிருக்கும் நேரம். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பிடுங்கி எண்ணைப் பார்த்தேன். டிவி பெட்டி, ரவுட்டர், பிரிண்டர் எல்லாம் சேர்ந்து பாதி. மீதி மாடியில் மகள் அறையில், ராத்திரியெல்லாம் அணையாத கேமிங் கம்ப்யூட்டர். ஆதாரத்தோடு பிடித்தேன். "அப்பா, நீங்க வேவு பார்க்கறீங்க" என்றாள். அதுவும் உண்மைதான். இப்போது அந்தப் பக்கத்தை அவளுக்கும் திறந்துவிட்டேன். நான் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காபி போட்டால் கெட்டில் 2000 வாட் எகிறுவதைப் பார்த்து அவள் மேலே இருந்து மெசேஜ் அனுப்புகிறாள்.

இப்போது உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஹென்க் என்னை ரிப்பேர் கஃபேக்கு இழுத்துப் போகிறார். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினா போஸ்ட்மா என்கிற பத்திரிகையாளர் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் நடக்கிறது. எங்கள் பேட்டை சமூகக் கூடத்தில் நாலைந்து மேசை. ஜனங்கள் பழுதான சாமானைக் கொண்டு வருவார்கள். நாங்கள் சும்மா ரிப்பேர் பண்ணித் தருவோம், அவர்கள் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். உண்டியல் ஒன்று இருக்கும்.

போன மாதம் ஒரு அம்மா காபி மெஷின் கொண்டு வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். விளக்கு மினுக்குகிறது, தண்ணீர் சூடாகவில்லை. புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். திறக்கலாம் என்று கவிழ்த்தால் திருகின் தலை முட்டை வடிவம்! நம்முடைய ஸ்டாரும் நுழையாது, ஆறுமுனையும் நுழையாது. இது நீ திறக்கக் கூடாது என்று சொல்லாமல் சொல்கிற திருகு. ஹென்க் பையிலிருந்து தானே அராவிச் செய்த ஒரு பிட்டை எடுத்தார். உள்ளே போர்டில் மஞ்சள் டப்பாவாக ஒரு கெப்பாசிட்டர், மேலே 0.47 மைக்ரோ என்று அச்சு. 230 வோல்ட்டைக் குறைத்துச் சர்க்யூட்டுக்குக் கொடுக்கிற வேலை அதற்கு. கழற்றி மீட்டரில் வைத்தால் 0.19. பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும், ஊதியிருக்காது, கருகியிருக்காது, ஆனால் வருடக்கணக்கில் கரைந்துகொண்டே வந்திருக்கிறது. உன் கடையில் மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர் என்று எத்தனை முறை இதே வியாதியைப் பார்த்திருப்பாய். புதுசின் விலை ஒரு யூரோகூட இல்லை. ஈயம் வைத்தேன். சூடானது. அந்த அம்மா அங்கேயே எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தார், சுமாரான காபி.

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம், இங்கிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் வெல்ட்ஹோவன். உலகத்திலேயே அதிநவீன சிப் அச்சடிக்கிற மெஷினைச் செய்கிற ஏஎஸ்எம்எல் அங்கேதான் இருக்கிறது. உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு ஐம்பதாயிரம் முறை லேசரால் அடித்து, அதில் பிறக்கிற 13.5 நானோமீட்டர் ஒளியில் சிப்பில் கோடு போடுகிறார்கள். அதே காற்றை மூச்சிழுக்கிற ஊரில் ஒரு காபி மெஷினின் அடிப்பலகையைத் திறக்க, எண்பது வயதுக்காரர் அரம் எடுத்து உட்கார வேண்டியிருக்கிறது.

சட்டம் இப்போதுதான் மெதுவாக வருகிறது. சார்ஜர் விஷயம் உனக்கே தெரியும். 2024 டிசம்பர் 28-லிருந்து ஐரோப்பிய யூனியனில் விற்கிற புது போன், டேப்லெட், கேமரா, இயர்போன் எல்லாவற்றுக்கும் யூஎஸ்பி-சி கட்டாயம். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல். அதைவிடப் பெரியது 2025 ஜூன் 20-ல் அமலானது. போன் விற்பனையை நிறுத்தின பிறகும் ஏழு வருடத்துக்கு உதிரிபாகம் கொடுக்க வேண்டும், ஐந்து வருடம் மென்பொருள் அப்டேட் கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்கு ஒட்டுகிற மாதிரி போனுக்கும் ஒரு லேபிள். எவ்வளவு கரண்ட் தின்னும், விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று எழுத்துப் போட்டு மதிப்பெண். 2027 பிப்ரவரியில் பேட்டரி சட்டம் வருகிறது, கடையில் கிடைக்கிற சாதாரணக் கருவியால் வாடிக்கையாளரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று. ஆனால் சந்து இல்லாமல் சட்டம் உண்டா? ஆயிரம் முறை சார்ஜ் ஏற்றின பிறகும் எண்பது சதவிகிதம் தாங்கி, தண்ணீரும் புகாத போன் என்றால், பேட்டரியைச் சாதாரண ஆள் மாற்றும்படி வைக்க வேண்டியதில்லை. விலை உயர்ந்த போன்கள் பெரும்பாலும் அந்தச் சந்தில் நுழைந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஹென்க் வைத்திருப்பது ஃபேர்போன் 5. ஆம்ஸ்டர்டாம் தயாரிப்பாளர்கள், 2013-லிருந்து இந்த ஒரே பிடிவாதத்தில் இருப்பவர்கள். பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியைக் கையால் எடுத்து மேசையில் வைப்பார். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள், மந்திரவாதி முயலை எடுத்த மாதிரி. நாம் நோக்கியா 1100-ஐ தினம் இரண்டு முறை கழற்றி மாட்டினோம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். என் சொந்த போன் என்ன என்று நீ கேட்பாய். ஒட்டின போன்தான். கேமராவுக்கு ஆசைப்பட்டேன்.

அப்புறம் முக்கியமான சேதி. இரண்டு வாரம் முன்னால் ஹென்க்குடன் பேசும்போது கேசட் பேச்சு வந்தது. நாம் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் கடைசியில் இரண்டு நிமிடம் வீணாகக் கூடாது என்று கணக்குப் போட்டதையெல்லாம் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு மேலே போகிற பாட்டைக் கடைசியில் வைக்காதே என்று நீ சண்டை போடுவாயே. அவர் எழுந்து போய் ஒரு சின்ன மரக்கட்டையைச் சீவி எடுத்து வந்தார். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்தில், பெல்ஜியத்தில் ஹாசெல்ட் என்ற ஊரில் இருந்த பிலிப்ஸ் ஆலையில்தான் கேசட் பிறந்தது. அந்தக் குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ். டேப் ரெக்கார்டர் கோட்டுப் பாக்கெட்டில் நுழைய வேண்டும் என்று, முதலில் பாக்கெட் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டாராம். அளவு முதலில், சர்க்யூட் அப்புறம். 1963 ஆகஸ்டில் பெர்லின் கண்காட்சியில் வெளியிட்டார்கள். அந்த மூலக் கட்டை இப்போது இல்லை. ஒரு நாள் டயர் பஞ்சரானபோது ஜாக்கிக்கு முட்டுக் கொடுத்து, அங்கேயே தொலைத்துவிட்டாராம் ஓட்டன்ஸ். 2021-ல் தனது 94-ஆம் வயதில் காலமானார். மரக்கட்டையைத் தொலைத்த கதையைச் சொல்லும்போது ஹென்க்குக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒன்றாக வந்தது.

கேசட் போட்டுக் காட்டுகிறேன் என்று கராஜிலிருந்து எண்பதுகளின் டெக் ஒன்றை இறக்கினார். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. திறந்தால் பெல்ட் உருகித் தார் மாதிரிக் கப்பியில் அப்பியிருக்கிறது. ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து ஒரு மணி நேரம் துடைத்தோம். என் விரல் இன்னும் கறுப்பு. இங்கே ஆன்லைனில் நூறு வகை பெல்ட் கிடைக்கிறது, ஆனால் அளவு பொருந்துவது ஒன்றும் அகப்படவில்லை.

உன் மேசைக்கடியில் பிஸ்கெட் டப்பா நிறைய பெல்ட் இருந்ததே, வீசிவிட்டாயா? தட்டை பெல்ட் வேண்டும். அகலம் 4 மில்லிமீட்டர், நூல் வைத்துச் சுற்றி அளந்ததில் உள்சுற்றளவு 23 சென்டிமீட்டர். தளர்ச்சிக்கு அரை சென்டிமீட்டர் குறைத்துப் பார். இருந்தால் இரண்டை எடுத்து, முகப்பவுடர் தூவி, மடிக்காமல் கவரில் போட்டு அனுப்பு. உங்கள் அப்பாவின் டூ-இன்-ஒன்னிலிருந்து மட்டும் கழற்றாதே. அது இன்னும் பாடுகிறது என்று அம்மா போனில் சொன்னார்கள்.

உன்,
முரளி